பெரிக் குளோரைடைச் சாக்கடையில் ஊற்றச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே மின்சுற்றுப் பலகை தயாரிப்பது எப்படி என்று தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அறிவியல் கண்காட்சிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்காக இப்படி ஒன்றை எழுதியதும் வெளியிட்டதும் நல்ல காரியம். ஆனால் அந்தக் கட்டுரை செம்பை அரித்தெடுக்கும் கட்டத்தை மட்டும் படங்களோடு விரிவாகச் சொல்லிவிட்டு, அதற்கு முன் பலகையைத் தயார் செய்வதை ஒரு வரியிலும், பின் அதைத் துலக்கிப் பூச்சுக் கொடுத்து முடிப்பதை அரை வரியிலும் கடந்துவிட்டது. கடைசியில், செம்பை அரிக்கப் பயன்படுத்திய பெரிக் குளோரைடுக் கரைசலை நிறையத் தண்ணீர் கலந்து சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்றும் சொல்லியிருந்தது. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர்களையும் விசைத்தறிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் பழுதுபார்ப்பதே தொழிலாகக் கொண்டு, தேவைப்படும் பலகைகளை என் பட்டறையிலேயே செய்துகொள்பவன் என்ற முறையில் இவற்றைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

சாக்கடையில் ஊற்றுவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடைகளில் கிடைக்கும் சாதாரண காப்பர் கிளாட் போர்டில், அதாவது செம்புப் படலம் ஒட்டிய பலகையில், அந்தப் படலத்தின் கனம் 35 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 10 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட, ஒரு பக்கம் மட்டும் செம்புள்ள போர்டில் ஏறத்தாழ 4.7 கிராம் செம்பு இருக்கிறது. மின்சாரம் செல்லும் தடங்களை மட்டும் விட்டுவிட்டு மூன்றில் இரண்டு பங்கை அரித்தெடுத்தால், 3 கிராமுக்குச் சற்று மேல் செம்பு கரைசலுக்குள் போய்ச் சேரும். ஆறு குளங்களில் விடப்படும் கழிவுநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சுற்றுச்சூழல் விதி. அந்த அளவுக்கு நீர்க்க வைப்பதற்கு, ஒரே ஒரு போர்டின் கழிவுக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர் வேண்டும். மொட்டை மாடியில் இருக்கும் பெரிய சின்டெக்ஸ் தொட்டி ஒன்றைக் காலி செய்தாக வேண்டும். கட்டுரையாளர் மனத்தில் இருந்தது இரண்டு பக்கெட் தண்ணீராகத்தான் இருந்திருக்கும். அப்படியே ஆயிரம் லிட்டரை ஊற்றினாலும் செம்பின் எடையில் ஒரு மில்லிகிராம்கூடக் குறைவதில்லை. அது வேறோர் இடத்துக்குப் போய்த் தங்குகிறது, அவ்வளவுதான்.

பெரிக் குளோரைடைக் குடிநீர்ச் சுத்திகரிப்பிலேயே பயன்படுத்துகிறார்களே, அதில் என்ன தீங்கு என்று சிலர் கேட்பதுண்டு. நீரில் கலங்கி மிதக்கும் துகள்களைத் திரட்டி அடியில் படிய வைப்பதற்கு அதைப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் நாம் வெளியே கொட்டுவது கடையில் வாங்கி வந்த பெரிக் குளோரைடு அன்று. செம்பைத் தின்று முடித்த கரைசலில் பெரஸ் குளோரைடும் செம்புக் குளோரைடும் நிறைந்திருக்கின்றன. மனிதனைவிட மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் செம்பு மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சாகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் கலக்கும் நொய்யலின் கரையில் வாழும் நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னதையும் பார்த்தவர்கள் நாம். அங்கே பெரும் சிக்கலாக இருந்தது உப்பு, இங்கே செம்பு. அளவிலும் இரண்டையும் ஒப்பிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், கழிவைச் சாக்கடையில் விடலாம் என்ற பாடத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நாமே எழுதிக் கொடுப்பது இந்த ஊர்க்காரர்களுக்கு அழகன்று.

வேறு வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. அது நம் தென்னந்தோப்புகளில் ஏற்கெனவே தெரிந்த வழிதான். குருத்தழுகலுக்குப் போர்டோ கலவை தயாரிக்கும் விவசாயிகள், மயில்துத்தக் (செம்புச் சல்பேட்) கரைசலையும் சுண்ணாம்புக் கரைசலையும் கலந்த பிறகு, துலக்கிய கத்தியையோ அரிவாளையோ அதில் சிறிது நேரம் நனைத்துப் பார்ப்பார்கள். இரும்பின் மேல் செந்நிறம் படிந்தால் கரைந்த செம்பு இன்னும் மிச்சம் இருக்கிறது, சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். செம்பு இரும்பின் மேல் வந்து படிவதும், காரம் சேர்த்தால் கரையாத வடிவமாகி அடியில் தங்குவதும் ஆகிய இதே இரண்டு குணங்களை நாம் பலகைக் கழிவுக்கும் பயன்படுத்தலாம். தீர்ந்துபோன கரைசலைத் திறந்த வெளியில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, அதற்குச் சில மடங்கு தண்ணீர் சேர்த்து, லேத்துப் பட்டறையில் கிடைக்கும் இரும்புச் சுருளைச் சோப்புப் போட்டு எண்ணெய் போகக் கழுவி, கொஞ்சம் கொஞ்சமாக இட வேண்டும். சூடும் குமிழியும் வரும். வாளியை மூடக் கூடாது, பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. ஓரிரு நாளில் செம்பு பழுப்புச் சிவப்புப் பொடியாக இறங்கிவிடும். அதன் பிறகு சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பி.எச். தாளில் 9 காட்டும் வரை கலக்கிவிட்டு, அசையாமல் ஓர் இரவு வைத்தால் சேறு அடியிலும் தெளிந்த நீர் மேலேயும் பிரிந்து நிற்கும்.

சுண்ணாம்பு மலிவாயிற்றே, சோடா எதற்கு என்று கேட்கலாம். சுண்ணாம்பும் செம்பை இறக்கும். ஆனால் அதில் உண்டாகும் கால்சியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் சேறும் நீரும் எளிதில் உலராது. சோடாவில் மிஞ்சுவது சாதாரணச் சோற்றுப்பு. தெளிந்த நீரை அகன்ற பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வைத்தால் வற்றிவிடும். சேற்றையும் உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, மேலே எழுதி ஒட்டி வைக்க வேண்டும். பல ஆண்டுகள் சேர்ந்தாலும் ஒரு பட்டறையில் அது ஒரு டப்பாவைத் தாண்டுவது அரிது. மேலே சொன்ன கத்திச் சோதனையை இந்த நீரில் செய்து பார்த்தாலும் அது கரடுமுரடானது, சில மில்லிகிராம் அளவையெல்லாம் காட்டாது. அதனால்தான் நீரை ஊற்றாமல் வற்ற வைக்கச் சொல்கிறேன். கண்காட்சிகளை நடத்தும் கல்வித் துறையினரும் பாலிடெக்னிக் கல்லூரிகளும் மாணவர்களின் பழைய கரைசலை வாங்கி வைத்துக்கொள்ள ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மை ஒதுக்கினால், இந்த வேலையை ஒவ்வொரு வீட்டிலும் செய்ய வேண்டிய தேவையே இராது.

இதைவிட நல்லது கழிவைக் குறைப்பது. கட்டுரையில் சொன்னதுபோல் ஒரு போர்டு செய்து முடித்ததும் கரைசலைக் கொட்டுவது வீண். 40 சதவீதப் பெரிக் குளோரைடுக் கரைசல் ஒரு லிட்டர் இருந்தால், மேலே சொன்ன அளவுள்ள பத்துப் போர்டுகளுக்கு மேல் தாராளமாகச் செய்யலாம். அரிப்பது மிகவும் மெதுவாகும் வரை பிளாஸ்டிக் கேனில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் வைக்கவே கூடாது. அரிக்கும் கேனையும் தட்டையும் கருவிகள் உள்ள அலமாரியில் வைத்தால் அந்த ஆவியிலேயே பிளையர்களும் துரப்பண ஊசிகளும் துருவேறிவிடும். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றினால் கொதித்துப் பொங்கும். இன்னொன்று, வரைபடத்திலேயே வெற்றிடங்களை அரித்தெடுக்காமல் செம்பாகவே விட்டுத் தரையிணைப்போடு சேர்த்துவிட்டால், கரைவது பாதிக்கும் கீழே குறையும், சுற்றில் மின் இரைச்சலும் குறையும், நேரமும் மிச்சம்.

பெரிக் குளோரைடு கறைபடுத்துகிறது என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஆசிடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து அரிக்கும் முறையைச் சிலர் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கிறார்கள். வேறு ஊர்களில் மருந்துக் கடைப் பெராக்சைடுதான் கைக்கு எட்டும். அதன் வலிமை குறைவு. திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் துணி வெளுப்புக்கு வரும் 50 சதவீதப் பெராக்சைடு தெரிந்தவர் வழியாக எளிதில் கிடைத்துவிடும் என்பதுதான் இங்கே ஆபத்து. அதைக் கழிப்பறை கழுவும் ஆசிடோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், கரைசல் கொதித்துத் தெறிக்கும், தோலில் பட்டால் உடனே வெந்துவிடும். பள்ளி மாணவருக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். பெரிக் குளோரைடைக் கரைக்கும்போதும், ஈரமில்லாத பொடியாக வாங்கியிருந்தால், தண்ணீரில்தான் பொடியைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். பொடியின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணாடி அணிவதும் கையுறை போடுவதும் கட்டுரையில் ஏற்கெனவே இருக்கின்றன.

இனி, தயாரிப்பு. தடங்களின் வரைபடத்தை லேசர் பிரிண்டரில் காகிதத்தில் அச்சடித்து, அந்த மையைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் செம்பின் மேல் ஒட்டும் முறையில் (மை மூடிய இடத்தைக் கரைசல் அரிக்காது) தடம் பிய்ந்து வந்தால் எல்லாரும் காகிதத்தைக் குறை சொல்கிறார்கள், இஸ்திரிப் பெட்டியைக் குறை சொல்கிறார்கள். பத்தில் எட்டு முறை குற்றம் செம்பின் பரப்பில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. ஹேக்சா பிளேடால் அறுத்த போர்டின் விளிம்பில் பிசிறு நிற்கும். அது இஸ்திரிப் பெட்டியின் அடியை மயிரிழை உயரத்துக்குத் தூக்கிவிடுவதால் ஓரத்துத் தடங்களில் சூடும் அழுத்தமும் சேராது. ஆகவே முதல் வேலை, விளிம்பு நான்கையும் அரத்தால் சரித்து ராவி, பிசிறு கையில் தட்டாமல் செய்வது. அடுத்தது, 600 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்ப்பது. மரச்சாமானுக்குப் பயன்படும் முரட்டு உப்புத்தாளைக் கொண்டு தேய்த்தால் 35 மைக்ரானில் ஏழெட்டு மைக்ரான் ஆழத்துக்குக் கீறல் விழுந்து, அந்தக் கீறல் வழியாகக் கரைசல் தடத்துக்கு அடியில் புகுந்துவிடும். வாட்டர் பேப்பர் இல்லையென்றால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் பாத்திரப் பொடியும் போதும். பழைய போர்டு கறுத்திருந்தால், செப்புக் குடத்தைத் துலக்குவதுபோல் புளியைக் கரைத்துப் பூசி இரண்டு நிமிடம் விடலாம். குடத்துக்குச் சேர்ப்பதுபோல் உப்பு மட்டும் சேர்க்க வேண்டாம். பலகையில் குளோரைடு தங்குவது நல்லதன்று.

சுத்தமாயிற்றா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பளபளப்பு வேறு, சுத்தம் வேறு. போர்டைக் குழாயின் கீழ் நனைத்துச் சாய்த்துப் பிடித்தால், சுத்தமான செம்பின் மேல் தண்ணீர் ஒரே படலமாக விரிந்து நிற்க வேண்டும். எங்கேனும் படலம் உடைந்து முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. கைவிரல் பட்டாலே அந்தப் பசை வந்துவிடும் என்பதால், இதன் பிறகு போர்டை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். துடைக்கும் துணியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பட்டறைகள் அனைத்திலும் கைக்கு எட்டுவது பனியன் வேஸ்ட். இயந்திரம் துடைக்க அதைப் போல வேறொன்று இல்லை. ஆனால் அது நூல் உதிர்க்கும், பின்னலாடைக்கு மென்மை தருவதற்காகப் பூசிய பொருள் புதுத் துண்டுகளில் மிச்சம் இருக்கும், அது செம்பின் மேல் படிந்தால் மை ஒட்டாது. பலமுறை துவைத்த பருத்தித் துணியோ காபி வடிகட்டும் தாளோ நல்லது. கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு முறை துடைத்து, உலர்ந்த உடனே அச்சை ஒட்டிவிட வேண்டும். காலையில் தேய்த்து வைத்துவிட்டு மாலையில் ஒட்டினால் அதற்குள் செம்பு மீண்டும் மங்கத் தொடங்கியிருக்கும்.

அரித்து முடித்த பிறகு கழுவும் தண்ணீர் எது என்பது இந்த வட்டாரத்தில் ஒரு பெரிய கேள்வி. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்ட போர்டில் ஒவ்வொரு சொட்டும் ஒரு வெள்ளைப் புள்ளியை விட்டுச் செல்கிறது. அந்த உப்பு தடங்களுக்கு நடுவே, பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், மழைக்காலத்தில் ஈரம் குடித்து மின்கசிவுக்கு வழி செய்கிறது. முதல் கழுவலை எந்தத் தண்ணீரிலும் செய்யலாம். அதைக்கூடச் சாக்கடையில் விடாமல் அதே கழிவு வாளியில் சேர்ப்பது முறை. கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ பேட்டரித் தண்ணீரோ ஒரு டம்ளர் போதும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

துளையிடுவதில் சுருக்கமாகவே சொல்லலாம். ரெசிஸ்டர், ஐ.சி. கால்களுக்கு 0.8 மில்லிமீட்டரும் பெரிய டயோடுகளுக்கும் டெர்மினல்களுக்கும் 1 மில்லிமீட்டருக்கு மேலும் வேண்டும். பாகங்களின் கால்களைச் சால்டர் செய்யும் ஒவ்வொரு செம்பு வட்டத்தின் நடுவிலும் வரைபடத்திலேயே ஒரு புள்ளி இடம் விட்டிருந்தால் அங்கே செம்பு அரிக்கப்பட்டுக் குழியாகி, ஊசி வழுக்காமல் நிற்கும். பழுப்பு நிறப் பினாலிக் போர்டு மலிவு, துளையிடவும் எளிது, ஆனால் சால்டரிங் சூட்டில் வட்டங்கள் பெயர்ந்துவிடும். பச்சை கலந்த மஞ்சளாகத் தெரியும் கண்ணாடி இழைப் போர்டு உறுதியானது, ஊசியைத்தான் விரைவில் மழுக்கும். அந்தக் கண்ணாடித் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. தண்ணீர் தொட்டுக்கொண்டு அறுப்பதும் முகக்கவசம் போடுவதும் கட்டாயம். வாயால் ஊதி விடும் பழக்கத்தைப் பிள்ளைகள் எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களிடமிருந்துதான் கற்கிறார்கள்.

முடிப்புப் பூச்சைப் பற்றிக் கட்டுரையில் சொன்னது, விருப்பமிருந்தால் வார்னிஷ் அடிக்கலாம் என்பது மட்டுமே. கண்காட்சி மேசையில் மூன்று நாள் இருக்கும் பலகைக்கு அது சரியாக இருக்கலாம். கொங்கு நாட்டில் ஒரு பலகை போய் உட்காரும் இடங்களை எண்ணிப் பார்த்தால் அது விருப்பத்தைப் பொறுத்த காரியமாகத் தோன்றாது. தறிக்கூடத்தில் பஞ்சு பறந்து வந்து போர்டின் மேல் படிந்து, ஈரத்தை உறிஞ்சித் தடத்துக்குத் தடம் பாலம் போடுகிறது. நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணைகளில் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா மூடியில்லாத செம்பை நீலப் பச்சையாக அரித்துவிடுகிறது. தோட்டத்து ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியிருப்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே மையை டின்னரால் துடைத்த உடனே, செம்பு மங்குவதற்கு முன், ரோசின் என்ற மரப்பிசினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்துத் தூரிகையால் மெல்லியதாகப் பூசிவிட வேண்டும். இது செம்பையும் காக்கும், சால்டரிங் செய்யும்போது அதுவே பிளக்ஸாகவும், அதாவது சால்டர் செம்பில் நன்றாக ஒட்டச் செய்யும் பொருளாகவும், உதவும். தகரக் கடைகளில் கிடைக்கும் அமிலப் பிளக்ஸைப் போர்டின் அருகிலேயே கொண்டு வரக் கூடாது. கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்றால் தடங்கள் முழுவதற்கும் மெல்லிய ஈயப் பூச்சுக் கொடுக்கலாம். சால்டர் உருண்டு நிற்காமல், செம்பு வலையை வைத்து மிகுதியை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எல்லாப் பாகங்களையும் பொருத்திச் சோதித்த பிறகு, பழைய பிளக்ஸை ஆல்கஹாலால் கழுவி உலர்த்தி, அதன் மேல் வார்னிஷ் அடிக்க வேண்டும். இதற்கு வெளியூரிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டியதில்லை. மோட்டார் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் நம் மாவட்டங்களில் இல்லை. அங்கே பயன்படும், காற்றில் உலரும் இன்சுலேட்டிங் வார்னிஷே போதும். சிவப்பாக இருப்பதால் பார்க்க அழகாக இராது, பின்னர் பழுதுபார்க்கச் சூடு வைத்தால் புகையும், கடும் நெடியும் வரும். இருந்தாலும் தறிக்கூடத்துக்கும் கோழிப் பண்ணைக்கும் நான் அதையே நம்புகிறேன். ரிலேயின் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) உள்ளும் வால்யூம் கன்ட்ரோலிலும் டெர்மினல் திருகுகளிலும் வார்னிஷ் இறங்காதபடி டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

இவ்வளவு பூசினாலும், வீட்டில் செய்த பலகையில் 230 வோல்ட்டையோ மூன்று பேஸ் மின்சாரத்தையோ நேரடியாக ஏற்றும் வேலையை மாணவர்கள் செய்யக் கூடாது. அவர்களுடைய பலகை 12 வோல்ட் அடாப்டரோடு நிற்கட்டும். மோட்டாரை இயக்க வேண்டுமானால் அந்தப் பலகை ஒரு ரிலேயை மட்டும் தூண்டட்டும், ரிலேயிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் இணைக்கட்டும். தங்கள் கட்டுரையின் இறுதிப் படத்தில் இருந்த தானியங்கி ஸ்டார்ட்டர்ச் சுற்று இந்த எல்லையைத் தாண்டியிருந்தது; இரு மின்னழுத்தங்களுக்கும் நடுவே இடைவெளியும் காட்டப்படவில்லை. கண்காட்சிகள் தொடங்குவதற்கு முன் அந்தப் படத்துக்கும், கரைசலை ஊற்றுவது பற்றிய வரிக்கும் திருத்தம் ஒன்றை அதே மாணவர் பகுதியில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஸ்டார்ட்டர் பழுதுபார்க்கும் பட்டறைக்காரன்,
சென்னிமலை, ஈரோடு மாவட்டம்.